கோயில் கொடையில் கொடுத்த ஒரு டம்ளர்: பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்பில் மது என்ன செய்கிறது?

கணக்கு டீச்சர், தென்காசி பக்கம்

அனைவருக்கும் வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மாணவன் ஒருவனுக்கு வயது பதினைந்து. எடை நாற்பத்தைந்து கிலோ இருப்பான். கிடா வெட்டிய விருந்தில் அவனுடைய தாய்மாமனே, "மீசை முளைத்துவிட்டது, இனி நீயும் பெரிய மனிதன்தான்" என்று சொல்லி, பிளாஸ்டிக் டம்ளரில் பிராந்தியும் தண்ணீரும் கலந்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு பந்தலுக்குப் பின்னால் பெரியம்மா மகன்கள் ஊற்றியதையும் சேர்த்தால் ஒரு குவாட்டர் அளவுக்கு உள்ளே போயிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கு அவனுடைய அம்மா அழுதுகொண்டே என்னை அழைத்தார்.

நானும் என் கணவரும் போனபோது பையன் திண்ணையில் மல்லாந்து கிடந்தான். போதை தெளியட்டும் என்று இரண்டு செம்பு மோரைப் புகட்டியிருந்தார்கள். பாதி சட்டையில் வழிந்திருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. மூச்சு வந்தது, நின்றது, பிறகு மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு முறை பதினொன்று வரை எண்ணிவிட்டேன். சுற்றி நின்ற உறவினர்கள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றும் சொல்லித் தயங்கினார்கள். என் கணவர் யாருடைய பதிலுக்கும் காத்திராமல் அவனைத் தூக்கிக் காரில் போட்டார்.

மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 42 தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, விடியும்போதுதான் கண் திறந்தான்.

நான் கேட்க விரும்புவது இதுதான். சர்க்கரை நோய் இல்லாத பிள்ளைக்குச் சர்க்கரை ஏன் இறங்கியது? உறவினர்கள் சொன்னபடி தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனி அவன் உடம்பில் இதன் மிச்சம் ஏதேனும் இருக்குமா?

தாமிரபரணிக் கரையான்

டீச்சர், படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. எங்கள் பக்கத்திலும் போதை ஏறியவனுக்கு மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஒரு குடம் தண்ணீர் என்றுதான் காலங்காலமாகச் செய்துவருகிறோம். இவற்றால் பயன் உண்டா என்பதையும் மருத்துவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

ஈரல் மருத்துவன்

டீச்சர், உங்கள் கணவர் செய்தது அந்தப் பிள்ளையின் உயிரைக் காத்த செயல். நான் இரைப்பை, கல்லீரல் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவன். நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் சாராயச் சத்து, அதாவது எத்தனால் இருக்கிறது. ஆக 180 மில்லியில் ஏறத்தாழ 77 மில்லி தூய எத்தனால். ஒரு மில்லியின் எடை 0.79 கிராம் என்பதால் மொத்தம் சுமார் 60 கிராம். எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் இதை விரைவாகக் குடித்தால், கணக்குப்படி 100 மில்லி இரத்தத்தில் 120 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். நாற்பத்தைந்து கிலோ பையனுக்கு அதே குவாட்டர் 200 மில்லிகிராமுக்குக் கொண்டுபோய்விடும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் எரித்துத் தீர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலுடையது. அது மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். மோரோ, எலுமிச்சையோ, காபியோ, குளிர்ந்த நீரோ அந்த வேகத்தை ஒரு கிராம்கூடக் கூட்டுவதில்லை. குளிர்ந்த நீர், ஏற்கெனவே சூட்டை இழந்துகொண்டிருக்கும் உடம்பை மேலும் குளிரச் செய்கிறது. நினைவில்லாதவன் வாயில் புகட்டும் மோர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். மது மூளைத் தண்டை அழுத்தும்போது, தொண்டையில் எதுவும் பட்டால் இருமித் தள்ளும் இயல்பான காப்பு செயலிழந்துவிடுகிறது. மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அந்த வாந்தியே மூச்சை அடைத்துவிடும்.

சர்க்கரை இறங்கியதற்கும் இதே கல்லீரல்தான் காரணம். உணவு இல்லாத நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வதற்குக் கல்லீரல் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது: சேமித்ததை எடுத்துக் கொடுப்பது ஒன்று, புதிதாகச் செய்து கொடுப்பது மற்றொன்று. சிறுவர்களுக்குச் சேமிப்பே குறைவு. மதுவை எரிக்கும்போது கல்லீரல் செல்லுக்குள் ஏற்படும் வேதி மாற்றம், புதிதாகச் சர்க்கரை செய்யும் வழியை முடக்கிவிடுகிறது. கொடை நாளில் அவன் ஆடிக் களைத்து, சரியாகச் சாப்பிடாமலும் இருந்திருப்பான். இரண்டு வழியும் அடைபட்டதால் சர்க்கரை 42க்கு இறங்கியது. மூளைக்குச் சர்க்கரை போகாவிட்டால் வலிப்பு வரலாம், நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம், உயிரும் போகலாம். பார்ப்பவர்களுக்கு அது வெறும் போதைத் தூக்கமாகத்தான் தெரியும்.

தூங்க விட்டிருந்தால் என்று கேட்டீர்கள். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வயிற்றிலும் குடலிலும் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது முனகியவன் நள்ளிரவில் மூச்சை நிறுத்திவிடுவது அப்படித்தான். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு அல்லது பத்து வினாடி இடைவெளி, உதடு நீலம், தோல் சில்லிப்பு, வலிப்பு, தொடர் வாந்தி ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நடுநிலை வாசகன்

மருத்துவர் ஐயாவின் விளக்கம் மிக நன்று. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவுடன் முன்வைக்கிறேன். அந்த மாமன் செய்த தவறு அளவில்தானே தவிர, கொடுத்ததில் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பதினேழு வயதில் எப்படியும் வெளியே போய்க் குடிக்கப்போகிற பையனுக்கு, வீட்டில் பெரியவர்கள் கண் முன்னால் அரை டம்ளர் பியர் கொடுத்துப் பழக்கினால் அவன் நிதானம் கற்றுக்கொள்வான். ஐரோப்பாவில் அப்படித்தானே வளர்க்கிறார்கள்? மேலும், பள்ளியில் அழுகிய ஈரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை. எண்பது வயது வரை குடித்துவிட்டு நடமாடும் தாத்தா ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்.

ஈரல் மருத்துவன்

உங்கள் இரண்டாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். படம் காட்டிப் பயமுறுத்துவதால் பயனில்லை; பதினைந்து வயதுக்காரனுக்கு ஐம்பது வயது வரும் என்ற நம்பிக்கையே இருப்பதில்லை. அவனிடம் இன்றிரவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதல் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் கொடுத்துப் பழக்கினால் பாதுகாப்பு என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட எண்ணம். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று காட்டியது. மாறாக, அவர்கள் அளவுமீறிக் குடிப்பதும், குடியால் தீங்கு அடைவதும் கூடுதலாகவே இருந்தன. பெற்றோர் கொடுத்ததால் வெளியே வாங்குவதும் குறையவில்லை. நீங்கள் சொல்லும் ஐரோப்பாவில் பிரான்ஸ் 2009இலும் இத்தாலி 2012இலும் விற்பனைக்கான வயதைப் பதினெட்டாக உயர்த்தின.

மூளை வளர்ச்சி ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை நடக்கிறது. ஆசையைத் தூண்டும் பகுதி முதலில் முதிர்கிறது. "போதும், நிறுத்து" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி கடைசியாக முதிர்கிறது. நிறுத்தும் பகுதி வளர்ந்து முடியாத நேரத்தில் நிதானத்தைக் கற்றுக்கொடுப்பது, பிரேக் பொருத்தாத வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுபோல் ஆகிவிடுகிறது. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள், இருபதைக் கடந்த பிறகு தொடங்கியவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாகக் குடிநோய்க்கு ஆளாகியிருந்ததை 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. அந்த வேறுபாட்டில் குடும்பச் சூழலுக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்படிப் பரம்பரை வாய்ப்பு உள்ள வீட்டில்தான் மாமனும் சித்தப்பாவும் டம்ளரை நீட்டுகிறார்கள் என்பது என் கவலை.

பியர் லேசானது என்பதும் தவறு. 8 சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் எத்தனால் இருக்கிறது. அது ஒரு குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

மூன்று பிள்ளைகளின் தாய்

ஐயா, எங்கள் மாமியார் வீட்டில் சளி பிடித்தால் கைக்குழந்தைக்கும் வெந்நீரில் நான்கு சொட்டு பிராந்தி கலந்து கொடுப்பார்கள். உடம்பு சூடாகும் என்பார்கள். நான் மறுத்ததற்கு வீட்டில் பெரிய மனத்தாங்கலே ஏற்பட்டது.

ஈரல் மருத்துவன்

நீங்கள் மறுத்தது முற்றிலும் சரி அம்மா. மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் தோல் சூடாகத் தெரிகிறது, உடம்பின் உள்சூடோ வெளியேறிக் குறைகிறது. சளிக்கு அதில் மருந்து எதுவும் இல்லை. குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும் ஆபத்து மட்டும் இருக்கிறது.

மதுரை வழக்கறிஞர்

போலீஸ் கேஸ் என்ற அச்சத்தைப் பற்றி எழுத வேண்டும். ஏனென்றால் உயிரைப் பறிப்பதில் அந்த அச்சத்துக்கும் பங்கிருக்கிறது. அவசரச் சிகிச்சையைச் சட்ட நடைமுறைக்காக ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை முதலில் நடக்கும். பதிவு செய்வது பிறகு. குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவையோ டீச்சரையோ யாரும் குற்றவாளி ஆக்கப்போவதில்லை.

கொடுத்தவரின் நிலை வேறு. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்குக் குறைந்தபட்ச வயது இருபத்தொன்று. அதைவிடக் கடுமையானது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. தகுதியுள்ள மருத்துவர் சொன்னால் தவிர, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு மதுவைக் கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாய்மாமன் என்பதற்கு அதில் விலக்கு இல்லை. கடைக்குப் போய் வாங்கிவரச் சிறுவனை அனுப்புவோர் உண்டு; மதுவை விற்கவும் சுமக்கவும் பிள்ளைகளைப் பயன்படுத்துவதை 78ஆம் பிரிவு அதே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. "அன்பாகத்தானே கொடுத்தேன்" என்று என்னிடம் வந்து கண்ணீர் விட்ட உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய் அல்ல; ஆனாலும் பிரிவு 77 அன்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

எட்டாண்டுத் தெளிவு

எனக்கு நாற்பத்தாறு வயது. குடிக்காமல் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தவரும் என் சொந்தச் சித்தப்பாதான். தாத்தா இறந்த வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருந்த இடத்தில், என் பதினான்காம் வயதில். அழுதுகொண்டிருந்த என்னைத் தேற்றுவதற்காகக் கொடுத்தார். அவர் மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஆனால் அன்று என் மூளை ஒன்றைக் கற்றுக்கொண்டது: துக்கம் வந்தால் இதற்கு மருந்து இருக்கிறது. அதை மறக்கடிக்க எனக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

முப்பத்தைந்து வயதில் காலையில் டீ டம்ளரை என்னால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை; கை அப்படி உதறும். தோளில் துண்டைப் போட்டு, ஒரு முனையை டம்ளரோடு சேர்த்துப் பிடித்து, மறுமுனையை இன்னொரு கையால் இழுத்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் டம்ளரை மேலே ஏற்றுவேன். அதில் டீ அல்ல, கட்டிங் இருக்கும். அது உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். நடக்கும்போது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி போயிருப்பேன். நரம்பு செத்துப்போய்ப் பாதம் மரத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். முப்பத்தெட்டில் கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல் வீங்கியது. அந்த ஆண்டு ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்தேன். கல்லீரல் இறுகியதால் இரத்தம் போக வழியில்லாமல் உணவுக்குழாயில் குழாய்கள் புடைத்து, அவற்றில் ஒன்று வெடித்திருந்தது.

குடிப்பவர்களின் வீட்டார் இதைப் படித்தால் ஒன்றைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று அறையில் பூட்டிவைத்து நிறுத்தச் செய்யாதீர்கள். நான் அப்படி ஒரு முறை நிறுத்தியபோது மறுநாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகக் கத்தினேன். அந்த நிலையில் உயிரே போய்விடக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து நிறுத்த வேண்டும். 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் அழைத்தால் அருகில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு வழி சொல்வார்கள். குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டங்கள் நம் மாவட்டத் தலைநகரங்களில் நடக்கின்றன. என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள் அங்கிருந்தவர்கள்தான்.

பெயர் வேண்டாம்

எனக்குப் பதினேழு வயது. இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டேன். மாதம் ஒரு முறை நண்பர்களின் பிறந்தநாளுக்கு பியர் மட்டும் குடிப்போம். மற்ற நாளில் எனக்கு அந்த எண்ணமே வருவதில்லை. ஆனால் போன முறை, பாதி இரவு என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் படுத்ததாக நண்பன் சொல்கிறான். இது சாதாரணமா?

ஈரல் மருத்துவன்

தம்பி, கேட்டதற்கு மிக்க நன்றி. இது சாதாரணம் அல்ல. அன்று நீ தூங்கவில்லை. நடந்திருக்கிறாய், பேசியிருக்கிறாய், வண்டியும் ஓட்டியிருக்கிறாய். ஆனால் நடப்பதை நினைவாகப் பதியவைக்கும் மூளைப் பகுதி மதுவால் நின்றுவிட்டது. மது அவ்வளவு வேகமாக, அவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதற்கு இது அடையாளம். நீ பாடம் படிப்பதும் அதே பகுதியை நம்பித்தான். இளவயதில் அதிகமாகக் குடித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பகுதி சுருங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளின்படி, இளம் மூளைக்கு மதுவால் தூக்கமும் தள்ளாட்டமும் பெரியவர்களைவிடத் தாமதமாகவே வருகின்றன. ஆகவே "எனக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று நீ உணர்வதை நம்பாதே. ஒரு மருத்துவரிடமோ, நம்பிக்கையான பெரியவரிடமோ இதை அப்படியே சொல். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் பேசலாம்.

எட்டாண்டுத் தெளிவு

தம்பி, மறுப்பதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். "சும்மா கம்பெனிக்கு ஒரு டம்ளர்" என்ற சொல்லுக்கு மறுமொழி சொல்ல நான் படாத பாடு பட்டிருக்கிறேன். தொடக்கத்தில் "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல். கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் சோடாவை வைத்துக்கொள். காலிக் கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த பிறந்தநாளுக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போ.

கணக்கு டீச்சர், தென்காசி பக்கம்

எல்லோருக்கும் என் நன்றி. பையன் பள்ளிக்கு வருகிறான். முதல் வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை, இப்போது பேசுகிறான். மருத்துவர் ஐயாவின் முதல் பதிவை அச்செடுத்து அவனுடைய அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாசித்துக் காட்டியதும், தாய்மாமன் மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தலைப்பாகைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான்தான் டீச்சர் கொடுத்தேன், கொல்லப் பார்த்தேன் என்று தெரியாது" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்த சொற்கள் எனக்கு மறந்துபோயின. அடுத்த கொடையில் பந்தலுக்குப் பின்னால் தானே உட்கார்ந்து காவல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று பத்தாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது, யார் பெயரையும் எந்த நிகழ்ச்சியையும் குறிப்பிடாமல், 180 மில்லி, 42.8 சதவீதம், 0.79 கிராம் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அறுபது கிராம் என்று விடை வந்தது. மணிக்கு எட்டு கிராம் வீதம் எரித்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். ஏழரை மணி நேரம் என்று பாதி வகுப்பு சேர்ந்து சொன்னது. அப்போது கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "முப்பது கிலோ எடை இருந்தால் எவ்வளவு ஏறும், டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழாம் வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான். வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்து உட்கார வைத்துப் பேசினேன். இன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.